வலிக்கலம்மா

யோகலட்சுமிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. விஸ்வநத்தத்தைத் தாண்டி இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனி அவள் கணவர் குடும்பத்துடையது. பெயருக்கு முதலாளி ராஜபாண்டியன். அவருக்கு லாரிகளும் வெளியூர் வியாபாரிகளும் போதும். எந்த அறையில் யார் உட்காருவது, எந்த ஆர்டர் முதலில் போவது, வெயில் ஏறினால் மருந்து வேலையை எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் கல்யாணமாகி வந்த சில வருடங்களிலேயே யோகலட்சுமி தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். வேதியியல் படித்தவள். சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். அந்த மருந்தின் குணம் தெரிந்த பெண் என்று ஊரில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது.

மாசி மாதம் ஒரு காலை, மருந்து செலுத்தும் அறை ஒன்று வெடித்தது. உராய்வு என்று பிற்பாடு அறிக்கை வந்தது. விதிப்படி எத்தனை பேர் இருக்க வேண்டுமோ அத்தனை பேர்தான் உள்ளே இருந்தார்கள். எடுத்து வைத்திருந்த மருந்தும் அளவுக்கு மேல் இல்லை. யோகலட்சுமி எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாள். அப்படியும் இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். மூன்றாவது ஆளான பஞ்சம்மாள் தானே எழுந்து நடந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. கம்பெனி வேனில் ஈரப் போர்வையைச் சுற்றி அவளை உட்கார வைத்தார்கள். யோகலட்சுமி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பஞ்சம்மாளின் புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. கைகள் இரண்டும் மெழுகு பூசியது போல வெளிறியிருந்தன. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"வலிக்கலம்மா," என்றாள் பஞ்சம்மாள். "லேசாக் குளுருது, அம்புட்டுதான்."

"ஒண்ணும் ஆகாதுக்கா. ஆஸ்பத்திரி வந்துரும்."

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். தோசைக்கு அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுவிட்டு வந்திருக்கிறாளாம். சாயங்காலம் போய் ஆட்டவில்லை என்றால் வீணாகிவிடுமாம். வீட்டுக்காரருக்குப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதாம். மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போயிருக்கிறான், பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். யோகலட்சுமி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். நடுவே ராஜபாண்டியன் போனில் கூப்பிட்டார். பஞ்சம்மாளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நன்றாகப் பேசுகிறாள், வலியே இல்லை என்கிறாள் என்று அவள் சொன்னாள். சொல்லும்போது மனதுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பஞ்சம்மாளைப் பரிசோதித்துவிட்டு வந்த டாக்டர் சின்னப் பையன். யோகலட்சுமியை உறவுக்காரி என்று நினைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வலி தெரியலைன்னா நரம்பும் சேந்து வெந்துருச்சுன்னு அர்த்தம்மா. கத்துறவங்களக்கூடக் காப்பாத்திரலாம். இவங்க கஷ்டம். மூச்சுக்குழாய் வீங்குறதுக்குள்ள டியூப் போடணும். அதுக்கப்புறம் பேச முடியாது."

டியூப் போட்டார்கள். அதற்குப் பிறகு பஞ்சம்மாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த பிறகு ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த அவள் வீட்டுக்கு யோகலட்சுமி போனாள். பஞ்சம்மாளின் கணவர் கருப்பணன் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வேன்ல நல்லாப் பேசிக்கிட்டு வந்தாளாம்ல. டிரைவர் சொன்னாப்ல," என்றார்.

"ஆமாண்ணே. பேசுனாக."

"எனக்கு ஒரு போனைப் போட்டுக் குடுத்துருக்கலாம்மா. அது தோணாது, அந்நேரத்துல. எனக்கும் தோணியிருக்காது." பிறகு அவரே சொன்னார்: "அரிசி ஊறப் போட்டிருக்கா. நாலு நாள் கழிச்சு வாடை அடிச்ச பெறவுதான் பாத்தேன். தூக்கிக் கொட்டிட்டேன்."

அரிசியைப் பற்றி அவள் பேசினாள் என்று சொல்ல யோகலட்சுமி வாயைத் திறந்தாள். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது.

அது குறை சொல்லும் குரலாக இருந்திருந்தால் ஒருவேளை பதில் சொல்லியிருப்பாள். அது சாவகாசமாகப் பேசும் குரல். வியாபாரி ஒருவரிடம் சீசன் விலையைப் பேசிக்கொண்டிருக்கும்போது, காதுக்குப் பக்கத்தில், லேசாக் குளுருது, அம்புட்டுதான் என்று கேட்கும். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்கும். ஒரு நாள் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருந்தவள், "என்னக்கா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். கணக்கு எழுதும் பெண் நிமிர்ந்து பார்த்து, தான் எதுவும் சொல்லவில்லை என்றாள். அந்த வேனில் நடு இருக்கையில் யாரும் உட்காருவதில்லை என்பதை யோகலட்சுமி அப்புறம்தான் கவனித்தாள். டிரைவர் அந்த இருக்கையில் லோடு பில்களையும் தண்ணீர் கேனையும் அடுக்கி வைத்திருந்தான்.

ராஜபாண்டியன் அவளை மதுரைக்கு ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரை சாப்பிட்டாள். தூக்கம் வந்தது. குரல் போகவில்லை. அவளுக்கு உள்ளே ஒரு கேள்வி கிடந்தது. இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணுக்கு முன்னால் ஒருத்தி செத்துக்கொண்டிருந்ததை எப்படி நல்லாயிருக்கிறாள் என்று நினைத்தோம்? வெடிமருந்தில் ஒரு சிட்டிகை கூடினால் என்ன ஆகும் என்று தெரிந்தவளுக்கு, அந்த வெடி ஒரு மனுஷத் தோலை என்ன செய்யும் என்பது தெரியாமல் போனது எப்படி? தீக்காயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். பாதிக்கு மேல் புரியவில்லை. புரியும்படி படிக்க என்ன வழி என்று தேடிப்போனபோதுதான், நீட் எழுத மேல் வயது வரம்பு இல்லை என்பது தெரிய வந்தது. பிளஸ் டூவில் அவள் உயிரியலும் படித்திருந்தாள்.

அந்தத் தீபாவளிச் சரக்கெல்லாம் போய் முடிந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"கேஸ் நடந்துக்கிட்டிருக்கு. இந்நேரத்துல நீ கம்பெனிய விட்டுட்டுப் போனா ஊர்ல என்ன சொல்லுவாக? தப்பு நம்ம மேலதான், அதான் மனசு உறுத்தி ஓடுதான்னு சொல்ல மாட்டாகளா?"

"சொல்லட்டும்."

"நீ டாக்டராகி வெளிய வர்றப்ப உனக்கு என்ன வயசு? பிள்ளைக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருப்போம்."

"அந்த வயசு எப்படியும் வரத்தான் செய்யும். கம்பெனில இருந்தாலும் வரும்."

ராஜபாண்டியன் கெட்ட மனிதர் இல்லை. நாலைந்து நாள் பேசாமல் இருந்தார். பிறகு தன் தம்பியைக் கம்பெனிக்கு வரச் சொன்னார். மகளிடம் மட்டும், உங்கம்மா கொஞ்ச நாள் படிச்சுப் பாக்கட்டும், தானா வந்துருவா என்று சொன்னது யோகலட்சுமியின் காதில் விழுந்தது. உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில், அந்த மருந்தை விட்டுட்டு இந்த மருந்துக்குப் போறாளாம் என்று பேசிச் சிரித்தார்கள்.

விருதுநகரில் ஒரு கோச்சிங் சென்டரில், தன் மகளைவிட மூன்று நாலு வயதே மூத்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். முதல் முறை மதிப்பெண் போதவில்லை. இரண்டாம் முறை தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த பிரீத்திகா என்ற பெண் ஒரு வாரம் ஆன்ட்டி என்று கூப்பிட்டாள், பிறகு அக்கா என்றாள். பரீட்சை நேரத்தில் அழுகை வந்தால் யோகலட்சுமியின் கட்டிலில் வந்து படுத்துக்கொள்வாள். யோகலட்சுமிக்கோ மனப்பாடம் நிற்கவில்லை. பிரீத்திகா ஒரு முறை படித்ததை அவள் ஆறு முறை படிக்க வேண்டியிருந்தது. கம்பெனியில் தன் ஒரு சொல்லுக்கு நூறு பேர் எழுந்து நின்ற நாட்களை நினைக்காமல் இருக்கப் பழகினாள்.

முதல் வருடத்தில் ஒரு நாள், மைக்ராஸ்கோப்பில் தோலைக் காட்டினார்கள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலடுக்குக்குக் கீழே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போலச் சின்னச் சின்ன உருண்டைகள். அவை தொடுவதை அறியும் இடம் என்றும், வலியை அறியும் நரம்பு நுனிகளும் அதே அடுக்கில்தான் கிளை விட்டிருக்கின்றன என்றும், ஆழமான தீக்காயத்தில் அந்த அடுக்கே இருக்காது என்றும் ஆசிரியர் சொல்லிக்கொண்டு போனார். யோகலட்சுமி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற மாணவன் தன் முறைக்காகச் செருமினான். பஞ்சம்மாளின் வலி இருந்த இடம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு மெல்லிய இடம். வலிக்கலம்மா என்று அந்தக் குரல் கண்ணாடித் துண்டுக்குள்ளிருந்தே பேசியது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் குரல் நின்றுவிடும் என்று அதுவரை நம்பியிருந்தாள். அது நிற்கவில்லை.

மூன்றாம் வருடம் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். வார்டில் அவளுக்கு ஒரு விசித்திரமான தொந்தரவு இருந்தது. நரைத்த தலையும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக அவளைப் பார்க்கிறவர்கள், பக்கத்தில் நிற்கும் உதவிப் பேராசிரியரை விட்டுவிட்டு, பெரிய டாக்டர் என்று நினைத்து அவளிடம் வந்துவிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது இளையவரான அந்த உதவிப் பேராசிரியரும் பழக்கதோஷத்தில் அவளை மேடம் என்பார். நான் ஸ்டூடன்ட்தான், சார் அங்கன நிக்காக என்று அவள் கையைக் காட்டுவாள்.

பங்குனியில் ஒரு நாள் முற்பகல், சிவகாசிப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் வெடி விபத்து என்று இரண்டு பேரைக் கொண்டு வந்தார்கள். ஒருவர் ரத்தினசாமி, ஐம்பது வயதுக்காரர். தொடையிலும் கைகளிலும் கொப்புளங்கள். அவர் போட்ட சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. மற்றவன் ஆண்டிச்சாமி, முப்பது வயது இருக்கும். நெஞ்சிலிருந்து முழங்கால் வரை வெந்திருந்தான். அவன் அமைதியாகப் படுத்திருந்தான். டாக்டர்கள் அவனுக்குக் கழுத்தில் ஊசி இறக்கிக் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, டியூப் போட மயக்க டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். அதற்குள் ரத்தினசாமியின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள்.

ஆண்டிச்சாமியின் மார்பை மூடியிருந்த துணியைச் சரிசெய்யச் சொன்னார்கள். யோகலட்சுமி போனாள். அவன் அவளைப் பார்த்து, பைக்கைக் கம்பெனி வாசலிலேயே சாவியோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன், யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்றான். வலிக்கிறதா என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துப் பார்த்தான்.

"இல்ல டாக்டர். மொதல்ல சுரீர்னுச்சு. இப்ப ஒண்ணும் தெரியல."

அவன் கைகள் மெழுகு பூசியது போல வெளிறியிருந்தன. அந்த நிறம் அவளுக்குத் தெரியும்.

வாசலில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பாண்டிலட்சுமி என்று பெயர். அவள் முகத்தில் பயம் இறங்கிக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அப்படிக் கத்தும்போது, தன் புருஷன் பைக்கைப் பற்றிப் பேசுகிறானே என்ற தெம்பு. டாக்டரம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் வந்தவள் நின்றுவிட்டாள்.

"நீங்க விஸ்வநத்தம் கம்பெனியம்மா தான?"

யோகலட்சுமிக்கும் அப்போது அடையாளம் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண். அந்த விபத்துக்குப் பிறகு வேலையை விட்டுப் போனவள்.

"ஆமா. இப்ப இங்கன படிக்கேன்."

"எம் புருசனத் தொடாதீக." பாண்டிலட்சுமி கத்தவில்லை. "வேற யாரையாவது வரச் சொல்லுங்க. நீங்க அவர் பக்கத்துல போவாதீக."

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். உதவிப் பேராசிரியர் விவரம் கேட்டுவிட்டு, யோகலட்சுமியைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. யோகலட்சுமி கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். தனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, மயக்க டாக்டர் எந்த நேரமும் படியேறி வந்துவிடுவார் என்பதையும் நினைத்தாள். வந்ததும் டியூப் போட்டுவிடுவார். அது செய்ய வேண்டிய காரியம். அதற்குப் பிறகு ஆண்டிச்சாமி பேசப்போவதில்லை. வார்டுக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் இது தெரியும். ஒருவருக்கும் வாசலில் நிற்கும் பெண்ணிடம் சொல்ல நேரமில்லை.

எனக்கு ஒரு போனைப் போட்டுக் குடுத்துருக்கலாம்மா. இந்த முறை கேட்டது பஞ்சம்மாளின் குரல் அல்ல, கருப்பணனின் குரல்.

அவள் திரும்பி நடந்து, பாண்டிலட்சுமிக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"நான் உள்ள போகலம்மா. நீ போ. போயி அவர்ட்ட பேசு."

"எதுக்கு? நல்லாத்தான இருக்காரு."

"கொஞ்ச நேரத்துல மூச்சு விடுறதுக்குத் தொண்டையில டியூப் போடுவாக. அப்புறம் பேச முடியாது. இப்பப் பேசுனாத்தான்."

"டியூப எடுத்த பெறவு பேசுவாருல்ல."

யோகலட்சுமிக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. வேனில் சொன்ன பொய்கூடப் பொய் இல்லை, தெரியாமல் சொன்னது. இப்போது தெரியும்.

"வலிக்கலைன்னு சொல்லுதாரே," என்றாள் பாண்டிலட்சுமி. கேள்வி போலவும் இருந்தது, கெஞ்சுவது போலவும் இருந்தது.

"அதனாலதாம்மா சொல்லுதேன்."

பாண்டிலட்சுமி அவளையே பார்த்தாள். அடிக்க வருகிறாள் என்றுதான் யோகலட்சுமி நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றாள். பாண்டிலட்சுமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, கடைக்குப் போய்விட்டு வருகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். நர்ஸ் தடுக்கப் பார்த்தபோது, யோகலட்சுமி வாசலிலிருந்தே உதவிப் பேராசிரியரைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். அவருக்குப் புரிந்தது. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடச் சொன்னார்.

திரைக்குள்ளிருந்து பேச்சு கேட்டது. பைக் சாவியைப் பற்றி ஆண்டிச்சாமி ஏதோ சொன்னான். அவள் ஏதோ அதட்டினாள். அவன் சிரித்தது போலிருந்தது. யோகலட்சுமி சட்டென்று அங்கிருந்து விலகி, வராந்தாவின் கடைசிக்கு, ஒன்றும் காதில் விழாத தூரத்துக்கு நடந்தாள். ஒருத்தியின் பேச்சைத் தான் கேட்டுச் சுமந்துகொண்டு திரிவது போதும். இது பாண்டிலட்சுமிக்குச் சேர வேண்டிய பேச்சு. கீழே சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ வண்டியை நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மயக்க டாக்டர் படியேறி வந்தார். அவர் செருப்புச் சத்தம் அவளைத் தாண்டிப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் ஆண்டிச்சாமி இறந்துபோனான்.

உடலை வாங்கப் பிணவறைக்கு வெளியே உறவினர்கள் நின்றிருந்தார்கள். யோகலட்சுமி அந்தப் பக்கம் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். பாண்டிலட்சுமியே ஆள் அனுப்பினாள். போனபோது அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சா ஒங்களுக்கு?"

"தெரிஞ்சிருச்சு."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இன்னும் ஒரு நா நம்பிக்கிட்டு இருந்திருப்பேன்."

யோகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளைக்குக் காது குத்துறதுக்கு எங்கண்ணன் மடியிலதான் உக்கார வைக்கணும்னு சொன்னாரு," என்றாள் பாண்டிலட்சுமி. "அவரும் எங்கண்ணனும் பேசி ரெண்டு வருசமாச்சு." அவ்வளவுதான் சொன்னாள். நன்றி என்றோ, மன்னித்தேன் என்றோ எதுவும் சொல்லவில்லை. வண்டி வந்ததும் ஏறிப் போனாள். ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜபாண்டியன் அன்று போன் செய்தபோது அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றார் முதலில். பிறகு, தெரியல, எனக்குச் சொல்லத் தெரியல என்றார். திரும்பி வந்துவிடு என்று வழக்கமாகச் சொல்வதை அன்று சொல்லவில்லை.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. பஞ்சம்மாள் வந்தாள். அரிசியைப் பற்றிப் பேசினாள். குளிர்கிறது என்றாள். சொல்ல வேண்டியதை ஒருத்தியிடம் சொல்லிவிட்டதால் இன்னொருத்தி போய்விடுவாள் என்று யோகலட்சுமி எதிர்பார்க்கவும் இல்லை. எதிர் கட்டிலில் பிரீத்திகா புரண்டு படுத்தாள்.

காலையில் வார்டில் ரத்தினசாமிக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. வலிக்கு ஊசி போட்டிருந்தும், பழைய துணியை நனைத்து உரிக்க உரிக்க அவர் தொண்டை கிழியக் கத்தினார். கட்டுக் கட்டுகிறவரின் குலத்தையே இழுத்துத் திட்டினார். இம்புட்டு வயசுக்குப் பொறுத்துக்கக் கூடாதா என்று கட்டுக் கட்டுகிறவர் சலித்துக்கொண்டார்.

யோகலட்சுமி கையுறையைப் போட்டுக்கொண்டு, ரத்தினசாமியின் காலைத் தாங்கிப் பிடித்தாள். கொப்புளம் உடைந்த இடங்கள் நல்ல சிவப்பாக, ஈரமாக இருந்தன. விரலால் லேசாக அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் மறுபடி ரத்தம் ஓடிச் சிவந்தன. அவர் மறுபடியும் கத்தினார்.

"விடுங்கண்ணே, அவரு கத்தட்டும்," என்றாள் அவள். பிறகு ரத்தினசாமியின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். "நல்லாக் கத்துங்க மாமா. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."